அமிர்தசரஸ் இலந்தை – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

மார்ச் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அமிர்தசரஸ் போய் வந்தேன். பொற்கோயிலின் குளக்கரையில் ஒரு இலந்தை மரம் இருக்கிறது. துக்கபஞ்சனி என்று பெயர், துக்கத்தைத் தீர்ப்பது என்று பொருள் சொன்னார்கள். அதன் கீழே ஜனம் உட்கார்ந்து முணுமுணுவென்று ஜபிக்கிறது. பக்கத்துப் படித்துறையில் முழுக்குப் போடுகிறார்கள். அம்மாவுக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். அங்கே கேடிலியப்பர் கோயிலில் இலந்தைதான் தலமரம். அதனால் பார்த்ததும், “அட, நம்ம மரம்!” என்று கும்பிட்டுவிட்டார். கீழே உதிர்ந்து கிடந்த இரண்டு பழங்களை எடுத்து, அங்கேயே சாப்பிட்டு, கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

ஊருக்கு வந்ததும் தம்பி கிண்டல் செய்கிறான். “சிலை வணக்கம் கூடாது என்று சொன்ன மதம். கடைசியில் அதுவும் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில்தான் வந்து நிற்கிறது” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சீக்கியத்தில் மர வழிபாட்டுக்கு இடம் உண்டா? அங்கே சொல்லப்படும் ரஜனி என்ற பெண்ணின் கதை உண்மையா? அப்புறம், அம்மா அந்த இரண்டு கொட்டைகளையும் பூஜை அறையில் வைத்திருக்கிறார். விதைத்தால் முளைக்குமா என்று கேட்கச் சொன்னார்.

ச., திருவாரூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மீதி இருப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பஞ்சாபியில் இலந்தைப் பழத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். நம் காதுக்கு இது ‘பேருக்குப் பேர் என்று பேர்’ மாதிரி கேட்கும். மரத்தைப் ‘பேரி’ என்பார்கள். நான் இலந்தை என்றே எழுதிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் உங்கள் தம்பிக்குக் கொண்டாட்டமாக இருக்கும். 1945-ல் முடிவான சீக்கிய நடத்தை விதித்தொகுப்பு ஒன்று உண்டு, ரஹித் மரியாதா என்பார்கள். குருத்வாராவுக்குள், அதாவது சீக்கியர் கோயிலுக்குள், என்னென்ன செய்யக்கூடாது என்று அதில் ஒரு பகுதி வருகிறது. சிலை வைக்கக்கூடாது. குருமார்களின் படத்துக்குத் தலைவணங்கக்கூடாது. அவர்களுடைய புனித நூலான குரு கிரந்த சாகிப் வைத்திருக்கும் கட்டிலின் காலைப் பிடித்துவிடக்கூடாது. அதன் அடியில் தண்ணீர் வைக்கக்கூடாது. சுவரிலும் மேடையிலும் மூக்கை உரசக்கூடாது. மூக்கை உரசுவது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் ஜனங்கள் மூக்கை உரசிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? எந்த விதிப்புத்தகத்தையும் நான் இப்படித் தலைகீழாகப் படிப்பது வழக்கம். செய்யாதே என்ற பட்டியல்தான் ஊரில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி.

ஆக, கொள்கை ஒரு பக்கம், கைகூப்பும் பழக்கம் ஒரு பக்கம். இந்த இழுபறி சீக்கியர்களுக்குத் தெரியாததல்ல. அவர்களுக்குள்ளேயே இதைப் பற்றிக் கறாராகப் பேசுபவர்கள் நிறைய உண்டு. ஆனால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று தம்பி சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கீழ்வேளூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பதரி வனம், அதாவது இலந்தைக் காடு. அங்கே அந்த மரம் இறைவனின் இருப்போடு சேர்ந்தது. மரத்தடியில் இருந்தது தெய்வம். பொற்கோயில் வளாகத்தில் மூன்று இலந்தைகள் இருக்கின்றன, மூன்றின் கதையையும் கேட்டுப் பாருங்கள். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் மனிதர்கள். வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள்.

ஒன்று பாபா புட்டாவின் இலந்தை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்காம் குரு ராம்தாஸ் இந்தக் குளத்தை வெட்டத் தொடங்கினார், ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் காலத்தில் வேலை முடிந்தது. மேற்பார்வைக்கு இருந்த பெரியவர் பாபா புட்டா. மண் சுமக்கிறவர்களை இந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் கவனித்தார், இங்கேயே கூலி கொடுத்தார் என்பது வழக்கு. 1604-ல் குரு கிரந்த சாகிப்பின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தைக் கோயிலில் வைத்தபோது முதல் கிரந்தியாக, அதாவது நூலைக் காத்து ஓதுகிறவராக, நியமிக்கப்பட்டவரும் இவரே. நம் ஊரில் கட்டட வேலை நடக்கும்போது மேஸ்திரி ஒரு வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தக் காட்சிதான். அந்த நிழலை நானூறு வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, லாச்சி இலந்தை. பழம் ஏலக்காய் அளவுக்குச் சின்னது, அதனால் அந்தப் பெயர். கோயிலுக்குள் போகும் தர்சனி வாசலை ஒட்டி நிற்கிறது. 1740-ல் மஸ்ஸா ராங்கர் என்ற அதிகாரி கோயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே நாட்டியமும் குடியுமாக நடத்திக்கொண்டிருந்தான். செய்தி ராஜஸ்தான் பக்கம் ஒதுங்கியிருந்த சீக்கியர்களுக்குப் போனது. மேதாப் சிங், சுக்கா சிங் என்று இரண்டு பேர் குதிரையில் கிளம்பினார்கள். வரிப்பணம் கட்ட வந்த விவசாயிகள் போல வேஷம். மூட்டையில் ஓட்டுச்சில்லு, மேலாக மட்டும் காசு. குதிரைகளை இந்த மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போனார்கள், மஸ்ஸாவின் தலையோடு வெளியே வந்தார்கள். அதற்கு முன்னால் குரு அர்ஜன் இந்த மரத்தடியில் உட்கார்ந்து கட்டட வேலையைப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். ஆனால் ஜனங்களின் நினைவில் நிற்பது அந்தக் குதிரைகள்தான்.

மூன்றாவது உங்கள் அம்மா கும்பிட்ட மரம்.

ரஜனி கதை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பட்டி என்ற ஊரில் துனி சந்த் என்று ஒரு வரி வசூல் அதிகாரி. மகள்களைக் கூப்பிட்டு, உங்களுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்கிறார். மூத்தவர்கள், அப்பா நீங்கள்தான் என்கிறார்கள். கடைசி மகள் ரஜனி, கடவுள் என்கிறாள். கோபத்தில் அவளைத் தொழுநோயாளி ஒருவனுக்குக் கட்டி வைத்துவிடுகிறார், உன் கடவுள் எப்படிச் சோறு போடுகிறார் என்று பார்க்கிறேன் என்று. அவள் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போகிறாள். ஒருநாள் ஒரு குட்டையின் கரையில், இலந்தை நிழலில் கூடையை இறக்கிவிட்டுச் சாப்பாடு தேடிப் போகிறாள். கணவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கருத்த காக்கை தண்ணீரில் முங்குகிறது, வெள்ளையாக எழுந்து பறக்கிறது. அவனும் ஊர்ந்து போய் முங்குகிறான். நோய் போய்விடுகிறது. திரும்பி வந்தவள், இந்த ஆரோக்கியமான மனிதன் என் கணவன் இல்லை, அவரை என்ன செய்தாய் என்று சண்டைக்கு நிற்கிறாள். நல்லவேளையாக அவன் ஒரு விரலை மட்டும் நனைக்காமல் விட்டிருந்தான். அதையும் முக்கிக் காட்டுகிறான். வழக்கு குரு ராம்தாஸ் வரைக்கும் போய்த் தீர்கிறது.

கூடையில் கணவனைச் சுமக்கும் பெண் என்றதும் நமக்கு நளாயினி ஞாபகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் இரண்டு பெண்களும் வேறு வேறு ஆட்கள். நளாயினி கதை கற்பின் வலிமையைச் சொல்வது, அவள் சொன்னால் சூரியன் நிற்கும். ரஜனியிடம் அப்படி எந்தச் சக்தியும் இல்லை. அவளுடைய சண்டை அப்பாவோடு, யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி. வரி வசூலிக்கிற மனிதரின் வீட்டில் பிறந்து, நீ கொடுக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, காக்கையில் இல்லை.

உண்மையா என்று கேட்டீர்கள். தொழுநோய் தண்ணீரில் முங்கினால் போகாது. மருந்து உண்டு, மாத்திரைதான் சாப்பிட வேண்டும். இதைச் சொல்லுவதால் உங்கள் அம்மா வருத்தப்பட மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் கதையைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் மரம் என்ன செய்கிறது? ஒன்றுமே செய்யவில்லை. குணப்படுத்தியது தண்ணீர். மரம் கொடுத்தது நிழல் மட்டும்.

‘துக்கபஞ்சன்’ என்ற பெயர் கூட மரத்துக்குச் சொந்தமானதல்ல. குரு அர்ஜனின் பாடல் ஒன்று ‘துக்க பஞ்சன் தேரா நாம்’ என்று தொடங்குகிறது. துயரை உடைப்பது உன் நாமம் என்று பொருள். அங்கே துயரை உடைப்பது இறைவன் பெயர். நீங்கள் மரத்தடியில் கேட்ட முணுமுணுப்பு பெரும்பாலும் இந்த மாதிரிப் பாடல்கள்தான். அதாவது மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்களே தவிர, மரத்தைப் பார்த்துப் பாடவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். ஆனாலும் எழுந்து போகும்போது ஒரு கை மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும், அதையும் மறைக்க வேண்டாம்.

குரு கிரந்த சாகிப்பில் மரங்கள் வேறு மாதிரி வருகின்றன. விடியற்காலையில் பாடும் ஆசா தீ வார் என்ற பாடல் தொகுப்பில் முதல் குருவான நானக்கின் ஒரு செய்யுள் உண்டு. சிம்மல் மரம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்! ஆசையோடு வரும் பறவைகள் ஏமாந்து போகின்றன. பழம் சப்பென்று இருக்கிறது, பூ குமட்டுகிறது, இலை எதற்கும் உதவாது. இனிமையும் பணிவுமே நற்குணத்தின் சாரம் என்று போகும் அந்தச் செய்யுள். சிம்மல் என்றால் நம் முள்ளிலவு. இலவு காத்த கிளியை ஐந்து நதி நாட்டில் போய்ச் சந்தித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! நம் பழமொழி கிளியின் முட்டாள்தனத்தைப் பார்க்கிறது. நானக் மரத்தின் பவிசைப் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே நூலில் ஷேக் ஃபரீத் என்ற சூஃபியின் வாக்கு இருக்கிறது. துறவிக்கு மரத்தின் பொறுமை வேண்டும் என்கிறார். கபீர் இன்னும் காரமாகக் கேட்கிறார். பூக்காரி, நீ இலையைப் பறிக்கிறாய், ஒவ்வொரு இலையிலும் உயிர் இருக்கிறது, யாருக்காகப் பறிக்கிறாயோ அந்தக் கல்லுக்கு உயிர் இல்லை. இந்த வரி தெரிந்த ஒருவர் மரத்தைத் தெய்வமாக்க மாட்டார். இலையைக் கிள்ளவும் மாட்டார். துக்கபஞ்சனியில் பழத்தைப் பறிக்காமல் உதிர்ந்ததை மட்டும் பிரசாதமாகப் பொறுக்கிக்கொள்ளும் வழக்கத்தை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். உங்கள் அம்மாவும், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, உதிர்ந்ததைத்தான் எடுத்திருக்கிறார்.

மரத்தின் பெயரால் வழங்கும் குருத்வாராக்கள் நிறைய உண்டு. மொகாலியில் மாமரம், கைத்தலில் வேம்பு, ராய்கோட்டில் சிசு மரம். உத்தராகண்டில் ரீட்டா சாகிப் என்று ஒன்று, அங்கே பூந்திக்கொட்டை இனிக்கும் என்று பிரசாதமாகவே தருகிறார்கள். சுல்தான்பூர் லோதியில் காலி வேயின் என்ற ஆற்றின் கரையில் இன்னொரு இலந்தை. நானக் அந்த ஊரில் நவாப் தௌலத் கான் லோதியின் தானியக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர். காலையில் ஆற்றில் குளித்துவிட்டுப் பல் விளக்கிய குச்சியை நட்டார், அது மரமானது என்பது நம்பிக்கை. இதே ஆற்றில்தான் அவர் மூன்று நாள் காணாமல் போய், திரும்பி வந்து, இந்துவும் இல்லை முசல்மானும் இல்லை என்று சொன்னார். ஆறு பிற்காலத்தில் சாக்கடையாகிவிட்டது. 2000-ல் பல்பீர் சிங் சீசேவால் என்ற துறவி ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஆகாயத்தாமரையை வாரி வெளியே போட ஆரம்பித்தார். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

இந்த மரங்களில் என்னால் மறக்க முடியாதது பாகிஸ்தானில், நானக் பிறந்த நன்கானா சாகிப்பில் இருக்கிறது. ஜண்டு மரம், நம் வன்னி. அற்புதக் கதை எதுவும் அதற்குக் கிடையாது. 1921 பிப்ரவரி 20 அன்று, கோயிலைத் தன் சொத்துப்போல் ஆண்டுகொண்டிருந்த மகந்து, அதாவது மடத்தலைவர், நாராயண் தாஸின் ஆட்கள், அமைதியாக உள்ளே வந்த சீக்கியர்களை வெட்டியும் சுட்டும் எரித்தும் கொன்றார்கள். முன்னால் வந்த லச்மன் சிங் தரோவாலியை இந்த வன்னி மரத்தில் கட்டி உயிரோடு கொளுத்தினார்கள். குருத்வாராக்களைச் சமூகத்தின் கையில் கொடுத்த 1925-ம் வருடச் சட்டத்துக்குப் பின்னால் இந்த ரத்தமும் இருக்கிறது. அந்த மரத்தின் முன்னால் கைகூப்புகிறவரிடம் போய், சிலை வணக்கம் செய்கிறீர்களே என்று உங்கள் தம்பியால் கேட்க முடியுமா? என்னால் முடியாது. அவர் கும்பிடுவது மரத்தை என்று நான் நினைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாட்சி இன்னும் உயிரோடு நிற்கிறது, அதற்கு முன்னால் வெறுமனே நிற்க முடியாமல் கை தானாகக் குவிகிறது.

சரி, தம்பி கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பக்தி மரத்துக்கு நல்லதா?

பொற்கோயில் இலந்தைகளை அந்தப் பக்தி கிட்டத்தட்ட கொன்றே விட்டது. புனிதமான இடம் என்றால் சலவைக்கல் பதிக்க வேண்டும் என்பது நம் நாடு முழுக்க இருக்கும் வியாதி. நம் ஊர்க் கோயில்களில் தலமரத்தைச் சுற்றிக் கிரானைட் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, உபயதாரர் பெயரையும் பதிக்கிறோமே, அதேதான். பஞ்சாபில் இது கார் சேவை, அதாவது கூலி வாங்காத கோயில் திருப்பணி, என்ற பெயரில், நூற்றுக்கணக்கானவர்களின் உண்மையான அன்போடும் உழைப்போடும் நடக்கும், அதனால் வேண்டாம் என்று சொல்வது இன்னும் கடினம். அடிமரம் வரைக்கும் கல் வந்துவிட்டால் வேருக்குக் காற்றும் கிடையாது, மழையும் கிடையாது. தினமும் ஆயிரக்கணக்கான கைகள் தொடுகின்றன. கடா பிரசாதம் என்கிற கோதுமை அல்வா சாப்பிட்ட கை அது, நெய் சொட்டும். போதாததற்கு அரக்குப்பூச்சி. அரக்கு எடுப்பதற்கென்றே சில மாநிலங்களில் இலந்தையில் அந்தப் பூச்சியை ஏற்றி வளர்ப்பார்கள், அவ்வளவு இஷ்டம் அதற்கு இந்த மரத்தின் மேல். கிளைகள் காய்ந்தன, காய்ப்பு அற்றுப்போனது.

அப்புறம் குருத்வாரா நிர்வாகம் செய்த காரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வல்லுநர்களை வரவழைத்தார்கள். அவர்கள் வந்து, எந்தத் தோட்டத்து இலந்தைக்கும் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். வேரைச் சுற்றிக் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட்டார்கள். பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். கவாத்து செய்தார்கள். இலந்தை புதுத் தளிர்க்கிளையில்தான் பூக்கும், ஆகவே வெட்ட வெட்டத்தான் காய்க்கும். நானூறு வருடத்துப் புனித மரத்தின் மேல் ரம்பத்தை வைப்பதற்கு ஒரு மனத்தைரியம் வேண்டும், வைக்கச் சொல்லுவதற்கு அதைவிட வேண்டும். மரம் துளிர்த்தது, மறுபடி காய்த்தது. உங்கள் அம்மா சாப்பிட்ட பழம் அந்த ரம்பத்தின் பிரசாதம்.

மரத்தைக் கும்பிட்டபோது அது செத்துக்கொண்டிருந்தது, மரமாக நடத்தியபோது பிழைத்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். தம்பிக்கும் பிடிக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. கும்பிடாமல் இருந்திருந்தால் அந்த மரம் எப்போதோ விறகாகியிருக்கும். பஞ்சாபில் காடு என்று இருப்பது மொத்த நிலப்பரப்பில் நாலு சதவீதம்கூட இல்லை. நெல்லும் கோதுமையும் ஆழ்துளைக் கிணறுமாக வரப்பு மரங்களைக் கூட விடாமல் வழித்தெடுத்த மண் அது. வயலோரத்து வன்னியும் இலந்தையும் சிசுவும் போன பிறகு, கிழட்டு மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் குருத்வாராவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வெட்டவிடாமல் காத்ததும் பக்திதான், மூச்சுமுட்டக் கல் பதித்ததும் பக்திதான், கல்லைப் பெயர்க்க ஒத்துக்கொண்டதும் அதே பக்திதான். இதில் எதைத் தனியாகப் பிரித்து எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அம்மாவின் கொட்டைகள். பூஜை அறையில் இருந்து இறக்கிவிடுங்கள், நாளாக ஆக முளைப்புத்திறன் குறையும். முதலில் உப்பைத் தாராளமாகக் கரைத்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அதை வேண்டுமானால் பூஜையில் வைத்துக்கொள்ளட்டும். மூழ்கியதை எடுத்துக் கழுவி, ஓட்டை மெதுவாக, உள்ளே பருப்பு நசுங்காமல் உடைத்து விதையைப் போட்டால் ஒரு வாரத்தில் முளைவிடும். உடைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றால் ஓட்டோடு ஊன்றலாம், மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும், ஆகவே சின்னத் தொட்டியில் வேண்டாம், நீளமான பையில் போடுங்கள் அல்லது நேராக மண்ணில்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலந்தை விதையில் இருந்து வருவது தாய்மரம் போலவே காய்க்கும் என்று உறுதி கிடையாது, அதற்காகத்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். புளிப்போ இனிப்போ, வந்தது வந்ததுதான். முள் கண்டிப்பாக இருக்கும். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் பக்கமாக வைக்க வேண்டாம்.

அன்புடன்.